வெங்காயப் பாத்தியில் ஒரு குழி

குழியை வெட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு சாயங்காலம், ஒற்றை ஆளாக, உள்ளங்கைத் தோல் உரியும்வரை வெட்டினேன். ஓர் ஆள் நீளம், இரண்டு முழ அகலம், என் இடுப்புக்கு மேலே ஆழம். அதற்காகப் பாதி வளர்ந்த வெங்காயப் பாத்தி ஒன்றை அப்படியே பிடுங்கிப் போட்டேன். வயிறு எரிந்தது. அந்த நாற்றை நான் பனிக்காலத்தில் ஜன்னல் ஓரத்தில் வைத்து வளர்த்திருந்தேன்.

குழி என் ஓரகத்தி அய்ஜமாலுக்காக. புதைக்க அல்ல, ஞானஸ்நானம் கொடுக்க.

எங்கள் ஊரில் இதை உரக்கச் சொல்ல முடியாது. கிர்கிஸ்காரன் என்றால் முசல்மான், ரஷ்யக்காரன் என்றால் கிறிஸ்தவன்; ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிர்கிஸ்காரி ஒருத்தி கிறிஸ்தவள் என்றால் கொம்பு முளைத்த கோழியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நான் எட்டு வருஷமாக அந்தக் கோழி. என் புருஷன் எசென் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறார், பனிக்காலத்தில் மட்டும் வீட்டுக்கு வருவார். "நீ யார வேணா கும்பிடு, சூப்புல உப்ப மட்டும் சரியாப் போடு" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்.

அவருடைய அண்ணன் வேறு மாதிரி. மசூதியில் முதல் வரிசை. எங்கள் தெருவுக்கு மடைக்காரரும் அவர்தான். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எத்தனை மணிக்கு மடை இறங்கும் என்பதெல்லாம் அவர் கைக்கடிகாரம் சொல்லும். எங்கள் வழக்கப்படி மருமகள் ஒருத்தி புருஷனின் மூத்தவர்கள் பேரை வாயால் சொல்லக் கூடாது. நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம், ஒருநாளும் சொன்னதில்லை. "மடைக்காரர்" என்பேன். எழுதுவதற்குத் தடை எதுவும் கேள்விப்படவில்லை. அவர் பேர் ஒமூர்.

ஒமூரின் மனைவிதான் அய்ஜமால்.

அவள் விசுவாசத்துக்கு வந்தது கோயிலில் அல்ல, என் உருளைக்கிழங்குப் பாத்தியில். மூன்று கோடையாக வண்டு பொறுக்க வருவாள். மண்ணெண்ணெய் டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, இலையைத் திருப்பித் திருப்பி, கோடு போட்ட வண்டைப் பிடித்து உள்ளே போட வேண்டும். அந்த வேலை நேரம்தான் என் ஜெப நேரம். ஒருநாள் நான் வண்டைத் திட்டிக்கொண்டே ஆண்டவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். "யாருகிட்டடி பேசுற?" என்றாள். சொன்னேன். சிரித்தாள். மறுநாள், "நேத்துப் பேசுனவர்கிட்ட என் மூத்தவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லேன், காய்ச்சல் விடமாட்டேங்குது" என்றாள். அப்படி ஆரம்பித்தது. மூன்று வருஷத்தில் என்னைவிட அதிகமாக அவள்தான் வேதம் படித்தாள், அதுவும் மாட்டுத்தொழுவத்தில், தவிட்டு மூட்டைக்குள் ஒளித்துவைத்து.

இந்த வசந்தத்தில் ஒரே பிடிவாதம். என் பேரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஞானஸ்நானம் வேணும் கெஞ்செ. ஒளிஞ்சே செத்துப்போயிட்டா அவர் முகத்த நான் எப்படிப் பாப்பேன்?"

"அக்கா, மடைக்காரருக்குத் தெரிஞ்சா?"

"தொரத்திருவாரு. பிள்ளைங்க நிழலக்கூடப் பாக்க விடமாட்டாரு. சின்னவனுக்கு ஒம்பது வயசுதான்." அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. ஆனாலும் வேண்டும் என்றாள்.

எங்கே கொடுப்பது? எனக்குப் பெரிய கால்வாயில் கொடுத்தபோது பாதி ஊர் கரையில் நின்று மண்கட்டி எறிந்தது. அதை ஃபோனில் படம் பிடித்து, என் பிறந்த வீடுவரைக்கும் அனுப்பினார்கள். டவுனுக்குப் போகலாம் என்றால் ஒமூர் அவளைத் தனியாக அனுப்பமாட்டார். ஆக, என் தோட்டம்தான். புதன்கிழமை காலை ஆறிலிருந்து எட்டுவரை எங்கள் தண்ணீர் முறை. அந்த நேரத்தில் ஒமூர் தெருவின் தலைமடையில் இருப்பார், முறை மாறும்வரை நகரமாட்டார். அய்ஜமால் மண்வெட்டியோடு என் வீட்டுக்கு வந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

எல்லாம் சரியாகத்தான் யோசித்தேன். என் வாய்தான் கெடுத்தது.

மூன்றாம் சாயங்காலம் பக்கத்து வீட்டு பாத்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் தலை அங்கேயேதான் முளைத்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"என்னடி தோண்டுற?"

"உருளைக்கிழங்கு போட்டு வெக்க" என்றேன்.

"ஜூன் மாசத்துலயா?" என்றாள். "போன வருஷக் கெழங்கத் தின்னு முடிச்சாச்சு, இந்த வருஷக் கெழங்கு பூகூட விடல. எந்தக் கெழங்கப் போடப் போற?"

"உன் வேலயப் பாரு" என்று மண்ணை வாரி அந்தப் பக்கமே எறிந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் வேறென்ன ஆகும்? அன்று ராத்திரி ஜெபத்தில், பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பாத்மாவிடம் கேட்கவில்லை.

போன ஜனவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பெய்ஷென் என்று ஒரு கொல்லர் இருந்தார், நெஞ்சுவலியில் போய்விட்டார். ஊர் மயானத்து வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று, "இங்க காஃபிருக்கு இடமில்ல" என்றார்கள். பனியில் ஒன்றரை நாள் உடலை வைத்துக்கொண்டு கெஞ்சிவிட்டு, கடைசியில் டவுன் ரஷ்ய மயானத்துக்குக் கொண்டுபோனோம். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு: 'இனி இவங்க பொணத்தத் தோட்டத்துலயே புதைப்பாங்க, மண்ணு தீட்டாயிரும், தண்ணி தீட்டாயிரும்' என்று. அது என் காதுக்கும் வந்திருந்தது. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. பைத்தியக்காரி நான்.

புதன்கிழமை ஆறு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மலையில் பனி குறைவான வருஷம். ஒரு கையகலம்தான் ஓடியது. தக்காளிக்குப் போகிற வழியை அடைத்துக் குழிக்குத் திருப்பினேன். தண்ணீரை மண் குடித்துவிடாமலிருக்க, போன வருஷத்து வெள்ளரிக் கூடாரத்தின் பிளாஸ்டிக்கைக் குழிக்குள் விரித்திருந்தேன். தண்ணீர் அதன்மேல் சலசலவென்று விழுந்தது. ஏறவே இல்லை. ஆறரைக்கு என் முழங்கை ஆழம்கூட இல்லை.

தாலாய் போதகர் டவுனிலிருந்து காரில் வந்தார். ஒல்லி மனுஷர், முன்னே மெக்கானிக், இப்போதும் நகத்தில் கருப்பு இருக்கும். கையில் மடித்த வெள்ளைத் துணி. ஞானஸ்நான அங்கி. அதைப் பையில் போட்டுக் கொண்டுவர அவருக்கும் தோன்றவில்லை, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓட எனக்கும் தோன்றவில்லை. ஒரு காஃபிர், விடியற்காலையில், வெள்ளைத் துணியோடு, ஆள் நீளக் குழி வெட்டின வீட்டுக்குள் நுழைகிறான். சுவருக்கு மேலே இருந்த தலை மறைந்தது.

அய்ஜமால் வந்தாள். பிளாஸ்டிக் போர்த்தி நான் கட்டியிருந்த வெள்ளரிக் கூடாரத்துக்குள் போய் அங்கியை மாட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக் வழியே அவள் உருவம் வெள்ளையாகத் தெரிந்தது.

"போதும்ல, போதகரே?" என்றேன். "முழங்கால் வந்துருச்சு."

"இன்னும் ஒரு சாண் ஏறட்டும் சகோதரி. தல முழுகணும்."

"ஒரு சாணுக்குள்ள என் தல போயிரும்."

சொல்லி வாய் மூடவில்லை. வாசல் கதவு சுவரில் மோதியது.

முன்னால் மசூதியில் தொழுகை நடத்தும் மோல்தோ, தொப்பியோடு. அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், பாதிப் பேர் கையில் மண்வெட்டி. தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டி என்ன செய்யும் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். கடைசியில் பாத்மா, மூச்சு வாங்க. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"என்ன, கல்யாணத்துக்கு வந்தீங்களா? காலத் தொடச்சுட்டு வாங்க!"

"பொணம் எங்க?" என்றார் மோல்தோ.

"எந்தப் பொணம்?"

"நடிக்காதம்மா. குழி இருக்கு, கோடித்துணி வந்தாச்சு, ஜெபம் பண்றவனும் நிக்கிறான். யாரு செத்தது? இந்த மண்ணுல பொதைக்க விடமாட்டோம். இந்தத் தண்ணி கீழ முப்பது வீட்டுக்குப் போகுது."

பாத்மா குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, தண்ணியிலயே வெக்கிறாங்க! மக்கா திசகூடச் சரியில்ல!"

"பொணமே இல்லங்க" என்றார் தாலாய் போதகர். குரல் மெல்லியது, ஆனால் பதறவில்லை. "இது ஞானஸ்நானத்துக்கு."

மோல்தோ கேட்டார்: "யாருக்கு?"

"அத நான் சொல்லமாட்டேன்."

அவருக்குப் பொய் வராது. அந்தப் பாரத்தையும் நானே தூக்கினேன். "எனக்குத்தான்!" என்றேன்.

பாத்மா சிரித்தே விட்டாள். "உனக்கா? உன்ன எட்டு வருஷம் முந்தி கால்வாயில முக்குனத ஊரே பாத்துச்சே. சாயம் போயிருச்சா?"

ஆண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிந்துவிடும், போய்விடுவார்கள் என்று ஒரு நொடி நம்பினேன். அப்போதுதான் கூட்டம் விலகியது. யாரோ தலைமடைக்கு ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். ஒமூர் வந்துவிட்டார்.

முழங்கால்வரை சேறு, தோளில் மண்வெட்டி. என்னைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி வீட்டுத் தோட்டத்துல யாரப் பொதைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரையோ முக்கப் போறாங்களாம்" என்றார் மோல்தோ. "நம்ம ஊர்ப் பிள்ளையாத்தான் இருக்கும். எந்த வீட்டுக் குடி கெட்டதோ."

"அந்தா, கூடாரத்துக்குள்ள!" என்று ஒருவன் கத்தினான். "வெள்ளையா ஒண்ணு நிக்குது!"

எல்லாத் தலையும் திரும்பியது. நான் ஓடிப்போய்க் கூடார வாசலில் நின்றேன். களைக்கொத்து கையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "எவனாவது என் வெள்ளரிய மிதிச்சா காலு இருக்காது!" என்று அலறினேன். பின்னால் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் அய்ஜமால் மூச்சுவிடுவது கேட்டது. அழுகை அல்ல, ஜெபம். 'ஆண்டவரே, இவளுக்கு நாலு பிள்ளைங்க' என்று நான் உள்ளுக்குள் கதறினேன்.

ஒமூர் மட்டும் நடந்து வந்தார். அவர் வந்தால் மருமகள்காரி தலை குனிந்து விலக வேண்டும். என் கால் அதற்குப் பழகிய கால். ஓர் அடி விலகவும் செய்தது. அவர் கை பிளாஸ்டிக்கைத் தொட்டது.

"ஒமூர்! நில்லு!"

என் வாயிலிருந்துதான் வந்தது. பேர், அதுவும் வெறும் பேர், கூடவே 'நில்லு'. பாத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒமூர் கன்னத்தில் அறை வாங்கினவர்போல நின்றுவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் உள்ளே யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தம்பி மனைவி யாருக்காக இப்படி நிலை தவறுவாள்? கையைக் கீழே போட்டார். உள்ளே பார்க்கவில்லை.

"எனக்குத்தான்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அந்தக் குழி எனக்குத்தான்."

அய்ஜமால் வெளியே வந்தாள். வெள்ளை அங்கி, வெறுங்கால், தலையில் வழக்கமான பூப்போட்ட முக்காடு. "கெஞ்செ மேல கோவப்படாதீங்க" என்றாள் புருஷனிடம். "அவ எனக்காகப் பொய் சொன்னா. நான் இனி சொல்ல முடியாது."

நான் களைக்கொத்தைக் கீழே போட்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

கூட்டம் கொதித்தது. மோல்தோ இரண்டு கையையும் தூக்கினார். "ஒமூர், சொல்லு! மூணுதரம் தலாக் சொல்லி அறுத்துவிடு, இத்தன பேரு சாட்சி இருக்கோம்!" இன்னொருவன், "முதல்ல தண்ணிய நிறுத்து!" என்று மடைக்கு ஓடிப் பலகையில் கை வைத்தான்.

"கைய எடு."

ஒமூர் சத்தம் போடவில்லை. ஆனால் அவன் எடுத்துவிட்டான்.

"மணி ஏழே முக்கா. எட்டு வரைக்கும் இது எசென் வீட்டு மொற. நான் இருக்கிறவரைக்கும் அடுத்தவன் மொறையில எவனும் மடையத் தொடமாட்டான்."

"அட, உன் பொண்டாட்டிய முக்கப் போறாங்கய்யா!" என்றார் மோல்தோ.

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு." மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "அறுத்துவிடுன்னு சொல்றீங்க. நாலு பிள்ள பெத்தவள வெங்காயப் பாத்தியில வெச்சு அறுத்துவிட நான் என்ன மாட்டுத் தரகனா? என் வீட்டு வெவகாரம் என் வீட்டுல. எல்லாரும் வெளிய போங்க."

யாரும் போகவில்லை. ஆனால் கிட்டேயும் வரவில்லை. ஒமூர் மடைப் பலகைக்குப் பக்கத்தில் போய், எங்களுக்கு முதுகு காட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முதுகைத் தாண்ட ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை.

தண்ணீர் தொடையளவுதான். தாலாய் போதகர் சட்டையோடு குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். அய்ஜமால் இறங்கினாள்; பிளாஸ்டிக் வழுக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் விரல் பனிக்கட்டி.

"இயேசுவை உன் கர்த்தராக விசுவாசிக்கிறாயா?"

"விசுவாசிக்கிறேன்" என்றாள். கூட்டத்துக்குக் கேட்டது. மடையடியில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். கழுத்து நரம்பு புடைத்தது, திரும்பவில்லை.

போதகர் அவளைச் சாய்த்தார். கலங்கல் தண்ணீர் அவள் முகத்தை மூடியது. எழுந்தபோது முக்காடு நழுவி, நெற்றியில் சேறும் வெங்காயத் தோலும் ஒட்டியிருந்தன. நான் பாட ஆரம்பித்தேன், குரல் வரவில்லை, தேம்பல்தான் வந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக, பாத்மா கேட்டுவிடுவாளே என்று நான் குரலைத் தாழ்த்தவில்லை. குரலே இல்லாதபோது என்ன தாழ்த்துவது.

எட்டு மணிக்கு ஒமூர் பலகையை இறக்கினார். "பாத்மா, உன் மொற" என்றார். "நின்னு வேடிக்க பாத்தா உனக்குத்தான் நட்டம்." பாத்மா ஓடினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். மோல்தோ கடைசியாகப் போனார், வாசலில் துப்பிவிட்டு.

பிறகு ஒமூர் திரும்பினார். மனைவி குழிக்கரையில் சொட்டச் சொட்ட நின்றாள். இப்போது அடிப்பார் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றார்.

"பிள்ளைங்களுக்குத் தாய் நீ. அத நான் மாத்த முடியாது" என்றார். "வீட்டுக்கு வா. மாடு கத்துது. ஆனா இன்னைலருந்து உன் கையால சுட்ட ரொட்டி என் வாய்க்குள்ள போகாது. மண்ணுக்குப் போற வரைக்கும் போகாது."

அவ்வளவுதான் சொன்னார். ஊரே மண்வெட்டியோடு நின்றபோது அழாதவள் அதைக் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எங்களிடத்தில் ரொட்டிமேல்தான் சத்தியம் பண்ணுவோம். கீழே விழுந்த துண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம், தினமும் தந்தூரிலிருந்து முதல் ரொட்டியைச் சுடச்சுட அவர் கையில்தான் கொடுப்பாள். நானாக இருந்தால் அவரைக் குழிக்குள் தள்ளியிருப்பேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஈர அங்கியோடு, நாலடி பின்னால் அவரோடு நடந்துபோனாள்.

இப்போது செப்டம்பர் முடியப் போகிறது. ஒமூர் சொன்ன சொல்லை மீறவில்லை. கடை ரொட்டி வாங்கி வருகிறார், தனியாக உட்கார்ந்து தின்கிறார். அவளும் சுடுவதை நிறுத்தவில்லை. வீட்டில் ஆறு பேர், தினமும் ஆறு ரொட்டி. அவர் பங்கை ஒரு துணியில் சுற்றி அவர் உட்காரும் இடத்தில் வைக்கிறாள். சாயங்காலம் அது வைத்தபடியே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு என் தோட்டத்துக்கு வருவாள். உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டே பாதி பிட்டு எனக்குத் தருவாள். எனக்கு இறங்குவதில்லை. "தின்னுடி, வீணாக்கக் கூடாது" என்பாள். ஆறிப்போன அந்த ரொட்டியைக் கடைசித் துணுக்குவரை மென்று முடித்துவிட்டுத்தான் அவள் மறுபடி மண்வெட்டியை எடுப்பாள்.